நாலாவது பை

அந்தக் கொட்டகையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இறைச்சிச் சந்தையின் பின்கட்டில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நடுவில் நாலு சிமென்ட் தொட்டி, ஓரத்தில் எந்நேரமும் ஆவி பறக்கும் வெந்நீர் அண்டா, தரையில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால். முன்கட்டில் அறுத்த ஆடுகளின் வயிறும் குடலும் தள்ளுவண்டியில் அவளிடம் வந்து சேரும். பிளந்து, உள்ளே கிடப்பதைக் கொட்டி, அலசி, வெந்நீரில் முக்கி, சுரண்டி, வெள்ளை வெளேரென்று ஆக்கி விற்பனைக்கு அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவள் செய்தது இதைத்தான்.

ஆட்டுக்கு வயிறு ஒன்று இல்லை, நாலு பை. கொட்டகையில் அவற்றுக்குப் பேர் உண்டு. உள்பக்கம் சொரசொரவென்று இருப்பதால் முதலாவது துவாலை. கட்டம் கட்டமாக இருப்பதால் இரண்டாவது தேனடை. தாள் தாளாகப் பிரிவது புத்தகம். கடைசிப் பைக்கு மட்டும் யாரும் பேர் வைக்கவில்லை. நாலாவது பை, அவ்வளவுதான். வழவழவென்று, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். கையில் பிடித்தால் நழுவும். அதைக் கழுவுவதில் குடலக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

அருவருப்பு என்கிற ஒன்று அவள் உடம்பில் இல்லவே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் பாதி நேரம் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "மூக்கு உனக்கு மட்டும்தான் இருக்கா?" என்று கேட்டுவிட்டு இவள் வேலையைப் பார்ப்பாள். மத்தியானம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தொட்டிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் எழுந்து போய் நின்றுகொள்வார். இவள் காலை நீட்டிக்கொள்வாள்.

"ரெண்டு சீட்டு கெடச்சுது இன்னிக்கு" என்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்வாள்.

புருஷன் பூட்டு ரிப்பேர்க்காரர். தெருமுனையில் ஆளுயரத்துக்கு ஒரு கடை. நாளெல்லாம் இரும்புத்தூளோடு கிடக்கிற மனுஷன், சாயங்காலம் குளித்துவிட்டுக் கழுத்து நிறையப் பவுடர் போட்டுக்கொள்வார். அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ரெண்டு தெரு தள்ளி அவருடைய அக்கா. அந்த நாத்தனாருக்கு ஊரில் யாருக்கு என்ன வியாதி, எந்தப் பக்கம் சீழ் வைத்தது, எத்தனை நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வார். குடலக்கா காது கொடுத்துக் கேட்டதில்லை. கையைக் காலை நீட்டிக்கொண்டு தூங்கிப்போவாள்.

ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு வயிற்று எரிச்சல் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைச் சப்பிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினாள். ஒரு நாள் காலையில் கழிப்பறையில் பார்த்தபோது மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருந்தது. வேறு யாராவது என்றால் என்னத்தையோ தின்றதால் என்று விட்டிருப்பார்கள். உள்ளே ரத்தம் கசிந்தால் குடலில் இருப்பது இப்படித்தான் கறுத்து ஒட்டும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ ஆட்டில் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். புருஷன் கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தார். அவர் வந்தால் நாத்தனாரும் வந்தாயிற்று.

எண்டோஸ்கோப்பி எடுக்கவேண்டும் என்றார்கள். நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள்.

"வாய் வழியா குழாய் விட்டு வயித்தைப் பார்ப்பாங்கம்மா. தேவைப்பட்டா உள்ளேர்ந்து சின்னதா சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. பயாப்சின்னு பேரு. சம்மதம்னா இங்க கையெழுத்துப் போடுங்க."

நாத்தனார் தாளின் மேல் கையை வைத்துவிட்டார்.

"சதை எடுக்கிறதெல்லாம் வேண்டாம்மா. உள்ள இருக்கிறதுல கத்தி பட்டா அது பரவிடும். எங்க எதிர்வீட்டுக்காரர் நல்லாத்தான் நடந்து போனாரு. சொரண்டி எடுத்தாங்க, மூணே மாசம். கடைசியில வாயாலயே..."

"அண்ணி, போதும்" என்றாள் குடலக்கா. ஆனால் அந்தப் பேச்சு உள்ளே இறங்கிவிட்டது. பார்க்கட்டும், வெட்ட வேண்டாம் என்று நர்ஸை எழுதவைத்து, பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டாள். புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

ஊசி போட்டு மயக்கத்தில் ஆழ்த்தியதால் குழாய் போனதும் வந்ததும் அவளுக்குத் தெரியாது. கண் விழித்ததும் எதிரே டாக்டர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், நறுக்கிய தலைமுடி, அலட்டாத பெண்மணி.

"இரைப்பையில புண் இருக்கு. அதான் ரத்தம் கசிஞ்சிருக்கு. நீங்க வேண்டாம்னு எழுதிட்டதால நான் சதை எடுக்கல. எடுத்திருக்கணும். எல்லாருக்கும் எடுக்கமாட்டோம். சும்மா எரிச்சல், உள்ள எல்லாம் சுத்தமா இருக்குன்னா பார்த்துட்டு விட்டுடுவோம். ஆனா இரைப்பையில புண்ணுன்னா, பார்க்க எவ்வளவு சாதுவா இருந்தாலும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தாத்தான் நிம்மதி."

"மாத்திரையில ஆறாதா டாக்டர்?"

"ஆறலாம். ஆறின மாதிரி ஏமாத்தவும் செய்யலாம். எட்டு வாரம் மாத்திரை சாப்பிட்டுட்டுக் கட்டாயம் திரும்பி வாங்க. மறுபடியும் உள்ள பார்க்கணும். அப்ப இப்படி எழுதிக் கொடுக்காதீங்க."

மாத்திரை நன்றாகக் கேட்டது. பத்தே நாளில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. எட்டு வாரம் வந்தது, போனது. வலியில்லாத வயிற்றை எதற்குக் காட்டவேண்டும் என்று அவள் இருந்துவிட்டாள். புருஷன் ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினார். "உங்க பூட்டு நல்லாத் திறக்குதுன்னா கழட்டிப் பார்ப்பீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்தாள்.

நாலாவது மாதம் அந்த அருவருப்பு வந்தது.

முதலில் பற்பசையில் வந்தது. ஒரு காலையில் பிரஷ்ஷை வாயில் வைத்ததும் யாரோ சோப்புக்கட்டியைத் திணித்த மாதிரி ஓங்கரித்துக்கொண்டு வந்தது. காறித் துப்பிவிட்டு விரலால் பல் தேய்த்தாள். அடுத்தது பவுடர். முப்பது வருஷமாகப் பக்கத்தில் படுக்கிற மனுஷனின் கழுத்து வாசனை ஒரு சாயங்காலம் திடீரென்று தாங்கமுடியாமல் ஆயிற்று. இனிப்பாக, அழுகின பூ மாதிரி. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தாள். மறுநாளிலிருந்து அவர் பவுடர் போடவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அழுக்கு அவளை ஒன்றும் செய்யவில்லை. சுத்தமானதெல்லாம்தான் குமட்டியது. துவைத்த துணி, சோப்பு, வெட்டிவைத்த பழம், குடிதண்ணீர். நாத்தனார் பிஸ்கட்டை டீயில் முக்க, அது ஊறி, தொங்கி, பொத்தென்று டம்ளருக்குள் விழும். அதை விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். இத்தனை வருஷம் கண்ணில் படாத அந்தக் காட்சி இப்போது கண்ணை மூடினாலும் தெரிந்தது. நாத்தனார் வரும் சத்தம் கேட்டாலே குடலக்கா பின்கதவு வழியாக வெளியே போய் நிற்க ஆரம்பித்தாள்.

பிறகு கறி. ஈரல் என்றால் அவளுக்கு உயிர். அன்றைக்கும் ஆசையாகத்தான் தட்டில் போட்டுக்கொண்டாள். ஒரு துண்டை மென்றாள். யாரோ மென்று துப்பினதைத் தன் வாயில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். ஈரல்தான், நல்ல ஈரல். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு கறி வீட்டுக்கு வரவில்லை. ரெண்டு கரண்டி கஞ்சி குடித்தாலே வயிறு நிறைந்து நெஞ்சில் ஏறி நின்றது.

கடைசியில் அது கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது. ஒரு திங்கட்கிழமை, முதல் வண்டி வந்து, முதல் வயிற்றைப் பிளந்ததும், பாதி செரித்த புல்லின் வெதுவெதுப்பான நாற்றம் முகத்தில் அடித்தது. இருபத்தாறு வருஷமாக அடித்த அதே நாற்றம். அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நொடி வாய்க்காலில் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்த் தொட்டியில் வேலை செய்யும் பெண் ஒரு வாளித் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினாள்.

"அக்கா, உங்களுக்கா?" என்றாள், நம்பமுடியாமல். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "இந்த வயசுல மசக்கையா?"

எல்லாரும் சிரித்தார்கள். குடலக்காவும் சிரித்துவைத்தாள். மறுநாளிலிருந்து மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். யார் யாரையோ கேலி பேசியவள் இப்போது தானே துணி கட்டிக்கொண்டு நின்றது அவளுக்கு அவமானமாக இருந்தது. துணிக்குள் தன் மூச்சின் வாடையே திரும்பி வந்து அடித்தது. அதுவும் நாறியது. உள்ளே எதுவோ புளித்துக் கிடக்கிற வாடை. தன் உடம்பின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்துவிட்டது.

"வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது" என்றார் புருஷன் ஒரு நாள். "டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமா?"

"எனக்கென்ன வலிக்குதா?"

அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இப்படியே இன்னும் மூன்று மாதம் போனது. அவளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது ஒரு ஆடு.

அன்றைக்கு ஒரு நாலாவது பையை வெந்நீரில் முக்கி எடுத்து விரலால் தடவிக்கொண்டு வந்தாள். வெந்நீர் பட்டால் மடிப்பெல்லாம் விரிந்து கொடுக்கும். ஒரு இடம் மட்டும் கொடுக்கவில்லை. ரெண்டு விரல் அகலத்துக்குத் தடித்து, விறைத்து நின்றது. நடுவில் குழி, சுற்றிலும் மேடிட்ட ஓரம். இப்படி ஏதாவது தென்பட்டால் தனியாகத் தட்டில் எடுத்து வைக்கவேண்டும் என்பது சந்தையின் சட்டம். எடுத்து வைத்தாள். இறைச்சியைச் சோதித்து முத்திரை போடுகிற கால்நடை டாக்டர் வந்தார். பதினைந்து வருஷமாக அந்தச் சந்தைக்கு அவர்தான். கத்தியால் அந்த ஓரத்தில் ஒரு சீவல் சீவி, சின்ன பாட்டிலில் போட்டு மூடினார்.

குடலக்கா மூக்குத் துணியை இறக்கிவிட்டுக் கேட்டாள். "சார், அப்படி வெட்டினா அது பரவாதா?"

"செத்த ஆட்டுல எங்கக்கா பரவுறது?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "யாருக்குக் கேக்குறீங்க?"

அவள் சொன்னாள். புண், மாத்திரை, எழுதிக் கொடுத்த தாள், குமட்டல், எல்லாவற்றையும். அவர் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"பதினஞ்சு வருஷமா இந்தத் தட்டுல எடுத்து வைக்கிறீங்களே. ஒரு தடவையாவது பார்த்தவுடனே இது இன்னதுன்னு நான் சொல்லியிருக்கேனா?"

"இல்ல. துண்டு எடுத்து அனுப்புவீங்க."

"சில சமயம் பார்க்க பயங்கரமா இருக்கும், ஒண்ணுமில்லேன்னு வரும். சில சமயம் சும்மா புண்ணுன்னு நினைப்பேன், வேற மாதிரி வரும். எனக்கே தெரியாதுக்கா. ஆட்டுக்கு எடுத்து வைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு..." என்றவர் பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "துண்டு எடுத்ததால பரவி நான் ஒருத்தரையும் பார்த்ததில்ல. எடுக்காம விட்டுக் கெட்டுப்போனவங்களைப் பார்த்திருக்கேன். நாளைக்கு இங்க வராதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மறுநாள் வெறும் வயிற்றோடு போனாள். புருஷனோடு மட்டும். நாத்தனாரிடம் மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவைத்தாள்.

அதே டாக்டர். பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். "எட்டு வாரத்துல வரச் சொன்னேன். ஏழு மாசம் ஆச்சு." குரலை உயர்த்தவில்லை. எடை பார்க்கச் சொன்னார். ஒன்பது கிலோ இறங்கியிருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வெளிறிக் கிடந்தது.

"சாப்பாடு எப்படி?"

"நாலு வாய்க்கு மேல இறங்கல."

"கறி சாப்பிடுவீங்களா?"

"முன்னெல்லாம் நல்லாச் சாப்பிடுவேன். இப்ப பார்த்தாலே குமட்டுது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எப்போதிலிருந்து என்று கேட்டார். இவள் பற்பசையில் தொடங்கி வரிசையாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "இந்தத் தடவை துண்டு எடுக்காம விடமாட்டேன்" என்றார்.

"எடுங்க. ஆனா மயக்க ஊசி வேண்டாம். முழிச்சே இருக்கேன். நான் பார்க்கணும்."

"கஷ்டமா இருக்கும்மா."

"இருக்கட்டும்."

கஷ்டமாகத்தான் இருந்தது. தொண்டை மரத்துப்போக ஒரு மருந்தை வாய்க்குள் பீய்ச்சினார்கள். எட்டிக்காயும் அழுகின வாழைப்பழமும் சேர்த்து அரைத்த மாதிரி ஒரு கசப்பு. நாக்கு யாரோ ஒருத்தருடைய நாக்காக வாயில் கிடந்தது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, கன்னத்துக்கடியில் ஒரு துண்டை விரித்தார்கள். இந்த வளையத்தை இதற்கு முன் எத்தனை பேர் கடித்தார்களோ என்று நினைத்தாள். குழாய் உள்ளே போனது. கறுப்பாக, விரல் கனத்துக்கு, ஈரப் பாம்பு மாதிரி. வயிற்றில் ஒன்றுமில்லாமலே ஓங்கரித்தது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், வாயோரம் எச்சில் கயிறு மாதிரி ஒழுகித் துண்டு நனைந்தது. வெதுவெதுவென்று அந்த ஈரம் கன்னத்தில் ஒட்டியது. தன் எச்சிலிலேயே தான் கிடக்கிறோமே என்று அவளுக்குக் கூசியது.

"மூக்கால மூச்சு விடுங்க. அப்படித்தான்" என்றாள் நர்ஸ். டாக்டர் திரையைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

திரையில் அவள் வயிறு தெரிந்தது. இளஞ்சிவப்பாக, பளபளவென்று, மடிப்பு மடிப்பாக. அவளுக்கு ஒரு நொடிகூட யோசிக்கவேண்டியிருக்கவில்லை. நாலாவது பை. கையில் எடுத்தால் எப்படி நழுவும், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்திச் சுரண்டவேண்டும் என்று விரலுக்கே தெரிந்தது. காற்றை உள்ளே விட்டதும் மடிப்புகள் விரிந்துகொடுத்தன. குழாய் இன்னும் கொஞ்சம் கீழே போனது. அங்கே ஒரு இடம் விரிந்துகொடுக்கவில்லை. நடுவில் குழி, அதில் அழுக்கு வெள்ளையாக ஒரு படலம், சுற்றிலும் தடித்து மேடிட்ட ஓரம். அந்த ஓரத்தில் அங்கங்கே ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது.

ஆயிரக்கணக்கான வயிற்றைக் கழுவியவளுக்குத் தன் வயிற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாறும் என்று தோன்றியது. இவ்வளவு நாளாக இதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், இதை வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறேன் என்று நினைத்தாள். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகினார்கள். திரையில் அது தலைநீட்டியது. நுனியில் குருவி அலகு மாதிரி ரெண்டு சின்னக் கிண்ணம். "திற" என்றார் டாக்டர், நர்ஸிடம். அலகு திறந்தது. "மூடு." ஓரத்தைக் கவ்வியது. வெடுக்கென்று இழுத்ததும் சதை கூடாரம் மாதிரி கொஞ்சம் எழும்பி விட்டுக்கொடுத்தது. சின்னதாக ரத்தம் வழிந்தது. அவள் வலிக்காகக் காத்திருந்தாள். வலியே இல்லை. கம்பி வெளியே வந்தது, நர்ஸ் அதன் நுனியை ஒரு சின்ன பாட்டிலில் தட்டினாள், கம்பி மறுபடி உள்ளே போனது. திற, மூடு. கடிகாரத்தில் முள் நகர்கிற மாதிரி ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எட்டு தடவை. கடைசியாகத் தள்ளி, நன்றாக இருந்த இடத்தில் ரெண்டு.

எல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டதும் அவள் பாட்டிலைக் காட்டச் சொன்னாள். தண்ணீர் மாதிரியான மருந்துக்குள் கடுகளவில் வெளிறிய துணுக்குகள் மிதந்தன. இவ்வளவுதானா? இதற்கா பயந்தோம் என்றிருந்தது.

"நடுவுல ஏன் எடுக்கல டாக்டர்?" என்றாள், மரத்த நாக்கால் குழறி.

"நடுவுல செத்த சதைதான் இருக்கும். அதை வெச்சு ஒண்ணும் தெரியாது. உயிரோட இருக்கிற ஓரத்துலதான் எடுக்கணும், அதுவும் ஒண்ணு போதாது. கடைசி ரெண்டும் வயித்துல கிருமி இருக்கான்னு பார்க்க."

"அந்த ஓரம் விறைச்சு நிக்குது. எங்க கொட்டகையில இப்படி இருந்தா தட்டுல தனியா வெச்சுடுவோம்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொன்னாள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "அப்ப உங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "எனக்கும் பிடிக்கல, பார்த்த வரைக்கும். ஆனா துண்டு என்ன சொல்லுதுன்னு வரட்டும்."

ஆறு நாளில் வந்தது. புற்றுநோய்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வயிற்றை விட்டு வெளியே போகவில்லை, பக்கத்து நெறிக்கட்டி ரெண்டில் மட்டும் சந்தேகம் என்றார்கள். முதலில் கொஞ்சம் மருந்து ஏற்றி, பிறகு வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகும் மருந்து.

"அன்னிக்கே துண்டு எடுத்திருந்தா?" என்று கேட்டாள்.

டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவைத்தார். "அன்னிக்கே தெரிஞ்சிருக்கலாம். இதைவிடச் சின்னதா இருந்திருக்கும்."

வெளியே வராந்தாவில் புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அன்னிக்கு அக்காவை அடக்கியிருக்கணும்" என்றார். அவள் கையை உருவிக்கொண்டாள். அவர் மேல் கோபம் இல்லை. அவர் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது, அந்த ஈரத்தை அவளால் தாங்கமுடியவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பஸ் வந்துடப்போகுது" என்றாள்.

விஷயம் தெரிந்து நாத்தனார் வந்து அழுதார். அழுகை நிஜம்தான். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நான் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்..."

"அவருக்கு முன்னாடியே முத்திப்போயிருக்கும் அண்ணி. அது தெரிஞ்சதே துண்டு எடுத்த அன்னிக்குத்தான். கத்தி மேல பழியைப் போட்டுட்டீங்க. நானும் கேட்டுக்கிட்டு எழுதிக் கொடுத்தேனே, என்னைச் சொல்லணும்." பிறகு, "முதல்ல அந்த பிஸ்கட்டைக் கீழ வைங்க" என்றாள்.

அதற்கடுத்த மாதங்களைப் பற்றி அவள் யாரிடமும் விலாவாரியாகச் சொன்னதில்லை. மருந்து ஏறியபோது தண்ணீர் துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய். ரெண்டிலும் எதுவோ வடிந்து பையில் சேர்ந்தது, பச்சையாகவும் பழுப்பாகவும். பார்க்க வந்தவர்கள் பையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் பேசினார்கள். மகள் வந்து பத்து நாள் இருந்தாள். அம்மா தலைமாட்டில் வாசனைத் திரவம் தெளித்துவைத்தாள். அதை நிறுத்தச் சொல்ல மனசில்லாமல் இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

வார்டைக் கூட்டித் துடைக்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் பை நழுவி எல்லாம் தரையில் கொட்டிவிட்டது. அந்த அம்மாள் வந்தாள், மூக்கைச் சுளிக்காமல், பேச்சும் இல்லாமல், ஓரத்திலிருந்து உள்ளே வளைத்து வளைத்துத் துடைத்து, துணியைப் பிழிந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குடலக்கா அந்தக் கைவாகைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு மனசுக்குப் பிடித்த ஒரே ஆள் அவள்தான். மறுநாள் ரெண்டு பேரும் வெந்நீரில் சோடா உப்பு போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு எப்படி விடும் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துண்டு எடுத்த நாளிலிருந்து வருஷம் திரும்ப ஒரு மாதம் இருக்கும்போது அவள் சந்தைக்குப் போனாள். கொட்டகை வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். மறுபடியும் குமட்டினால் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து புல்லும் ரத்தமும் வெந்நீர் ஆவியும் கலந்து வந்தது. மூச்சை இழுத்தாள். குடல் நாற்றம் அடித்தது. குடல் நாற்றம் மட்டும்தான் அடித்தது. வயிறு, மிச்சமிருந்த வயிறு, அது பாட்டுக்கு இருந்தது. அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அழுதாள். எதிர்த் தொட்டிக்காரி ஓடிவந்து, "என்னக்கா, நாறுதா?" என்றாள். "ஆமா, நாறுது" என்றாள் இவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

தொட்டியில் குனிந்து தூக்கிப் போடுகிற வேலை இனி முடியாது. மேஜையில் உட்கார்ந்து கொழுப்பு நறுக்குகிற வேலை கொடுத்தார்கள், அரை நாள். சாப்பாடு ஒரு நாளைக்கு ஏழு தடவை, ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி. இனிப்பு கொஞ்சம் கூடிவிட்டால் நெஞ்சு படபடத்து வியர்த்துக்கொட்டும். ஈரல் இறங்குகிறது, நன்றாக மென்றால். நாத்தனார் இப்போதும் வருகிறார். வியாதிக் கதை சொல்வதில்லை என்று இல்லை, குடலக்கா வீட்டில் சொல்வதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை அவள் போய்க் குழாயை விழுங்கிவிட்டு வருகிறாள். தையல் போட்ட இடத்தில் ரெண்டு மூன்று துண்டு எடுப்பார்கள். நர்ஸ் தாளை நீட்டி விளக்க ஆரம்பிக்கும் முன்பே இவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். இந்த வருஷம் போனபோது, "பழகிப்போயிருக்குமே உங்களுக்கு" என்றாள் புதிதாக வந்த நர்ஸ். "அதெல்லாம் பழகாது" என்றாள் குடலக்கா. பழகவும் இல்லை. அதே கசப்பு, அதே வளையம், அதே எச்சில். அரைமணி நேரத்தில் முடிந்தது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. இந்த வருஷத்து முடிவுக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும்.

தொண்டை மரத்திருக்கும்போது எதுவும் சாப்பிடக்கூடாது, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே பெஞ்சில் புருஷனோடு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. கடையிலிருந்து பன் வாங்கிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார். மெத்து மெத்தென்று வாய்க்குள் அது உருளுகிற சத்தம் கேட்டது. உதட்டோரம் ஈரமாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றார், வாய் நிறைய.

"முழுங்கிட்டுப் பேசுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அவள். தோளில் கிடந்த துண்டை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள். "அந்த வாயைத் துடைங்க முதல்ல."